ஒபாமாகேர் மாறினால் மாநிலச் சட்டம் நம்மைக் காக்குமா?

சில வாரங்களுக்கு முன், தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ இன்சூரன்ஸ் பக்கம் போனது. கூட இருந்த ஒரு அம்மா நிம்மதியாகச் சொன்னார்: “வாஷிங்டன்ல யார் வந்து எதை மாத்தினாலும் நமக்குக் கவலை இல்லைங்க. நியூஜெர்சியில தனியா சட்டம் போட்டு வச்சிருக்காங்க.”

அவர் சொன்ன சட்டம் இருப்பது உண்மைதான். ஒபாமாகேர் எனப்படும் நாடு தழுவிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பாதுகாப்புகளை மாநிலச் சட்டமாகவும் எழுதி வைத்தது அது. 2020 ஜனவரியில் அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபி அதில் கையெழுத்திட்டார். ஆனால் அந்த அம்மாவின் கணவர் வேலை பார்ப்பது பல்லாயிரம் பேர் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தில். அப்படிப்பட்ட நிறுவனங்களின் காப்பீட்டை மாநிலச் சட்டம் பெரும்பாலும் தொடவே முடியாது. இது அவருக்குத் தெரியவில்லை. இங்கே வந்து பல வருஷம் ஆகியும் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் மகனின் பேச்சுப் பயிற்சிக்கான பில் நிராகரிக்கப்பட்டு, நான் மாநில அரசுக்குப் புகார் எழுதி, “உங்கள் திட்டம் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல” என்று ஒரு பக்கக் கடிதம் வந்த அன்றுதான் இந்த வேறுபாட்டைத் தேடிப் படித்தேன். படித்ததை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அதிகாரம் யார் கையில்?

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிப்பது அடிப்படையில் மாநிலங்களின் வேலை. 1944-இல் உச்ச நீதிமன்றம், இன்சூரன்ஸும் மாநில எல்லை தாண்டிய வணிகம்தான், அதை ஃபெடரல் அரசு, அதாவது வாஷிங்டனில் இருக்கும் மைய அரசு, ஒழுங்குபடுத்தலாம் என்று தீர்ப்பு சொன்னது. மாநிலங்கள் பதறின. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தை நிறைவேற்றி, பொறுப்பை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி இன்சூரன்ஸ் துறையும் தனித்தனி விதிகளும் இன்றைக்கும் இருப்பது இதனால்தான்.

அந்த விதிகள் ஊருக்கு ஊர் ஏகப்பட்ட வித்தியாசத்தோடு இருந்தன. 2014-க்கு முன் பல மாநிலங்களில் ஒருவர் தானாகப் போய் பாலிசி வாங்க விண்ணப்பித்தால், கம்பெனி அவருடைய உடல்நிலையைக் குடைந்து குடைந்து கேட்கும். சர்க்கரை இருக்கிறதா, இதயத்தில் ஏதாவது பிரச்சினை இருந்ததா, கர்ப்பமாக இருக்கிறீர்களா? பதிலைப் பொறுத்து பாலிசி இல்லை என்று சொல்லலாம்; இரண்டு மடங்கு பிரீமியம் கேட்கலாம்; அல்லது பாலிசியைக் கொடுத்துவிட்டு, சர்க்கரை தொடர்பான எந்தச் செலவும் இதில் வராது என்று எழுதலாம். தனியாக வாங்கும் பாலிசிகளில் பிரசவச் செலவு பெரும்பாலும் சேர்ந்தே இருக்காது. வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் தரமாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை, நடக்கப் பழகும் முன்பே அந்த வரம்பைத் தொட்டுவிடக்கூடிய நிலை.

2010 மார்ச் 23-ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஏ.சி.ஏ. சட்டம் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச விதியைக் கொண்டுவந்தது. அதைத்தான் ஒபாமாகேர் என்கிறோம். முக்கியமான பிரிவுகள் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இருக்கிற நோயைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் வாங்கக் கூடாது. தனிநபரும் சிறு நிறுவனங்களும் வாங்கும் பாலிசிகளில் மருத்துவமனை, பிரசவம், மனநலம், மருந்து உட்பட 10 வகைச் சேவைகள் கட்டாயம். பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் பாலிசியில் இருக்கலாம். தடுப்பூசி, புற்றுநோய்ப் பரிசோதனை போன்றவற்றுக்கு நம் கையிலிருந்து பணம் கேட்கக் கூடாது. வாழ்நாள் உச்சவரம்பு கிடையாது; ஒரு வருஷத்தில் நாம் கையிலிருந்து செலவழிப்பதற்கு மட்டும் உச்சவரம்பு உண்டு.

மாநிலங்கள் இதற்குக் கீழே போக முடியாது, மேலே போகலாம். உதாரணமாக, 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரை விட 3 மடங்கு வரை பிரீமியம் வாங்க ஃபெடரல் சட்டம் இடம் தருகிறது. நியூயார்க்கும் வெர்மாண்ட்டும் அதைக்கூட அனுமதிப்பதில்லை. அங்கே வயதைப் பார்த்து விலை வைக்க முடியாது.

சரி, அந்த ஃபெடரல் விதி நாளை இல்லாமல் போனால்? அந்தந்த மாநிலம் தன் சட்டத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறதோ, அவ்வளவுதான் மிஞ்சும்.

பயம் எங்கிருந்து வந்தது?

2017 ஜூலையில் அமெரிக்க செனட்டில் ஏ.சி.ஏ.-வைப் பிரித்துப்போடும் மசோதா ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தன் கட்சியின் மசோதாவுக்கே எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். பிறகு நீதிமன்றம். டெக்சாஸ் தலைமையில் பல மாநிலங்கள் போட்ட வழக்கில் 2018 டிசம்பரில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் மொத்தச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இருந்ததால் சட்டம் தொடர்ந்து நடைமுறையில் இருந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதியே இல்லை என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட அந்த இரண்டரை வருஷம்தான் மாநிலங்களை எழுப்பிவிட்டது.

மெய்ன் மாநிலத்தில் புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் ஜேனட் மில்ஸ் 2019 மார்ச்சில் இந்தப் பாதுகாப்புகளை மாநிலச் சட்டமாக்கினார். அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலமும் நியூ மெக்சிகோவும் செய்தன. நியூஜெர்சி 2020-இல், மிச்சிகன் 2023-இல். இன்னும் பல மாநிலங்கள் முழுதாகவோ பாதியாகவோ செய்திருக்கின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் டெக்சாஸில் இப்படி முழுமையான சட்டம் இல்லை.

காங்கிரஸும் நீதிமன்றமும் மட்டும் என்றில்லை. சத்தமில்லாமல் மாறுவது அரசுத் துறைகள் போடும் விதிகள். குறுகிய காலப் பாலிசிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை மாறும் இடைவெளியில் வாங்கும் மலிவான பாலிசி அது, ஏ.சி.ஏ. பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடையாது. 2018-இல் டிரம்ப் அரசு அதை 364 நாள் வரை, புதுப்பித்தால் 36 மாதம் வரை விற்கலாம் என்றது. 2024-இல் பைடன் அரசு நீட்டிப்பையும் சேர்த்து 4 மாதம்தான் என்று சுருக்கியது. 2025 ஆகஸ்டில் மறுபடி டிரம்ப் அரசு, அந்த வரம்பை அமல்படுத்துவதற்கு முன்னுரிமை தரமாட்டோம் என்று அறிவித்தது. ஏழு வருஷத்தில் மூன்று திருப்பம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களை இந்தத் திருப்பம் எதுவும் பாதிக்கவில்லை. அந்த மாநிலம் 2019 முதலே இப்படிப்பட்ட பாலிசிகளை விற்கத் தடை போட்டுவிட்டது. மாநிலச் சட்டம் நன்றாக வேலை செய்வதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

சட்டத்தின் வாசகம் முக்கியம்

“எங்கள் மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது” என்று கேள்விப்பட்டால் அந்தச் சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். “ஃபெடரல் சட்டம் சொல்கிறபடி” என்று மட்டும் ஒரு மாநிலச் சட்டத்தில் இருந்தால், ஃபெடரல் சட்டம் விழும்போது அதுவும் சேர்ந்து விழும். ஒவ்வொரு பாதுகாப்பையும் தன் சொந்த வார்த்தையில் முழுதாக எழுதி வைத்த சட்டம்தான் தனியாக நிற்கும்.

இதற்கு அண்மையில் ஒரு நல்ல உதாரணம் நடந்தது. எந்தத் தடுப்பூசிக்கு இன்சூரன்ஸ் முழுப் பணம் தர வேண்டும் என்பதை, ஃபெடரல் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.-யின் ஆலோசனைக் குழு ஒன்றின் பரிந்துரையோடு ஏ.சி.ஏ. கட்டி வைத்திருக்கிறது. 2025 ஜூனில் சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியர் அந்தக் குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒரே நாளில் நீக்கினார். குழு மாறினால் பரிந்துரை மாறும், பரிந்துரை மாறினால் இன்சூரன்ஸ் தர வேண்டியதும் மாறும். அந்த செப்டம்பரில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: 2025 ஜனவரி 1 அன்று இருந்த பரிந்துரைகளே எங்கள் அடிப்படை, அதற்கு மேல் மாற்றம் வேண்டுமானால் எங்கள் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை முடிவு செய்யும். ஒரு தேதியைச் சட்டத்தில் எழுதியதால், வாஷிங்டனில் குழு எத்தனை முறை மாறினாலும் அந்த அடிப்படை நகராது.

இன்னொன்று. “நோயைக் காட்டி மறுக்கக் கூடாது” என்று மட்டும் இருந்து, விலையைப் பற்றி எதுவும் இல்லையென்றால் அது அரைப் பாதுகாப்புதான். மறுக்கமாட்டார்கள், மாதம் 3,000 டாலர் என்பார்கள். மறுக்காமை, ஒரே விலை, என்னென்ன சேவை உள்ளடங்கும் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எரிசா என்ற சுவர்

இனி, பள்ளி வாசலில் அந்த அம்மாவிடம் நான் சொல்ல நினைத்து முழுதாகச் சொல்ல முடியாத விஷயம். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

1963 டிசம்பரில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் ஸ்டுடிபேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வருஷக்கணக்கில் உழைத்த ஆயிரக்கணக்கானவர்களின் ஓய்வூதியத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. அதன் பிறகு எழுந்த கோபமும் விவாதமும் பத்து வருஷம் கழித்து 1974-இல் எரிசா என்ற சட்டமாக வந்தது. தொழிலாளரின் ஓய்வூதியத்தைக் காப்பதுதான் அதன் நோக்கம். ஆனால் நிறுவனங்கள் தரும் மற்ற நலத்திட்டங்களையும் அது தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது. மருத்துவக் காப்பீடும் அதில் அடக்கம். பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதி என்று தவிக்கக் கூடாது, அதனால் மாநிலச் சட்டம் இந்தத் திட்டங்களுக்குப் பொருந்தாது என்று எழுதினார்கள். ஒரு விலக்கு மட்டும் விட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளை மாநிலம் வழக்கம்போல ஒழுங்குபடுத்தலாம்.

அந்த விலக்கால் நிறுவனத் திட்டங்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன.

முதல் வகையில், நிறுவனம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பாலிசி வாங்கி உங்களுக்குத் தருகிறது. செலவு கூடினாலும் குறைந்தாலும் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் பாடு. இதை ஃபுல்லி இன்ஷ்யூர்டு என்பார்கள். இங்கே இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக மாநிலச் சட்டம் உங்களை வந்து சேரும்.

இரண்டாவது வகையில், உங்கள் மருத்துவ பில்லை நிறுவனமே தன் பணத்திலிருந்து கட்டுகிறது. பில்லைச் சரிபார்க்கவும் டாக்டர்களிடம் விலை பேசவும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறது. உங்கள் கையில் இருக்கும் அட்டையில் அந்தக் கம்பெனியின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஆனால் அது உங்களுக்குக் காப்பீடு தரவில்லை, கணக்குப்பிள்ளை வேலைதான் பார்க்கிறது. இதுதான் செல்ஃப் ஃபண்டட். இங்கே மாநிலம் ஒழுங்குபடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒன்று இல்லை. மாநிலச் சட்டம் இந்தச் சுவரைத் தாண்டாது.

வேலை வழியாகக் காப்பீடு பெறும் ஊழியர்களில் 100-க்கு 63 பேர் செல்ஃப் ஃபண்டட் திட்டங்களில் இருப்பதாக 2024-இல் கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆராய்ச்சி அமைப்பு நடத்திய ஆய்வு சொல்கிறது. பெரிய நிறுவனங்களில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஐ.டி., வங்கி, மருந்துக் கம்பெனி என்று நம்மவர்கள் வேலை பார்க்கும் இடங்களை யோசித்துப் பாருங்கள்.

நியூஜெர்சியில் குழந்தைப்பேறு சிகிச்சை பற்றிக் கேட்டிருப்பீர்கள். 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களின் காப்பீட்டில் ஐ.வி.எஃப். உட்பட அந்தச் சிகிச்சையைச் சேர்க்க வேண்டும் என்று 2001-லேயே மாநிலம் சட்டம் போட்டது. ஒரே அடுக்கு மாடியில், ஒரே இன்சூரன்ஸ் பெயர் போட்ட அட்டை வைத்திருக்கும் இரண்டு தம்பதிகளில் ஒருவருக்கு அது கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகலாம். முதலாமவரின் நிறுவனம் பாலிசி வாங்கியது, இரண்டாமவரின் நிறுவனம் தானே பணம் கட்டுகிறது. என் மகனின் பில்லுக்கு நடந்ததும் இதுவே.

அப்படியானால் ஏ.சி.ஏ. முழுதாகப் போனால் செல்ஃப் ஃபண்டட் திட்டத்தில் இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்? 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் மிஞ்சும். நம் மருத்துவத் தகவலின் ரகசியத்தைக் காக்கும் சட்டமாகத்தான் அதைப் பலருக்கும் தெரியும், ஆனால் அதில் காப்பீட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் நோய் உள்ளவருக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் போட முடியாது. ஏற்கெனவே இருந்த நோயைப் பொதுவாக 12 மாதம் வரைதான் ஒதுக்கி வைக்கலாம். முன்பு வேறு காப்பீட்டில் இருந்த காலத்தை அதில் கழித்துக்கொள்வார்கள். வாழ்நாள் உச்சவரம்பு திரும்ப வருவதையும், 26 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திட்டத்திலிருந்து எடுப்பதையும், இலவசத் தடுப்பூசி நிற்பதையும் ஹிப்பா தடுக்காது. இவற்றைக் காக்க ஃபெடரல் சட்டத்தால் மட்டுமே முடியும். அதனால்தான், “மாநிலம் பார்த்துக்கொள்ளும்” என்று ஃபெடரல் செய்திகளைக் கவனிக்காமல் விடுவது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஆபத்து என்று நினைக்கிறேன்.

பணம் யார் கொடுப்பது?

மாநிலச் சட்டம் பொருந்துகிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீடும் கொடுத்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான். பத்து வீடு ஒதுங்கினால் மிச்ச வீடுகளின் பங்கு ஏறும். ஏறியதைப் பார்த்து இன்னும் பத்து வீடு ஒதுங்கும். கடைசியில் திருவிழாவே நடக்காது.

வாஷிங்டன் மாநிலத்தில் இது அப்படியே நடந்தது. 1993-இல் யாரையும் மறுக்கக் கூடாது, எல்லாரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சட்டம் போட்டார்கள். 1995-இல் “எல்லாரும் எடுக்க வேண்டும்” என்பதை நீக்கிவிட்டு, “மறுக்கக் கூடாது” என்பதை மட்டும் விட்டுவைத்தார்கள். நோய் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் காத்திருந்தார்கள். 1999 வாக்கில் மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் தனிநபருக்குப் புதுப் பாலிசி விற்க ஒரு கம்பெனியும் இல்லை. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான்.

ஏ.சி.ஏ. இதை உணர்ந்து, காப்பீடு எடுக்காதவர்களுக்கு அபராதம் ஒரு பக்கம், வருமானத்துக்கு ஏற்ற மானியம் ஒரு பக்கம் என்று இரண்டு முட்டுக்கொடுத்தது. அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். நியூஜெர்சி, கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் போன்ற சில மாநிலங்கள் தங்கள் அளவில் அபராதத்தை வைத்திருக்கின்றன. ஆக, பெரிய முட்டு மானியம்தான், அதற்கான பணத்தில் பெரும்பகுதி ஃபெடரல் கஜானாவிலிருந்து வருகிறது. 2021-இல் உயர்த்திய கூடுதல் மானியம் 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது தனிநபர் ஒருவரின் ஆண்டு வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால் 2026-க்கு ஃபெடரல் மானியம் ஒரு காசு கிடையாது. நியூ மெக்சிகோ அந்த இடைவெளியைத் தன் பணத்தால் நிரப்ப முன்வந்தது; பெரும்பாலான மாநிலங்களால் அந்த அளவுக்கு முடியவில்லை. உரிமையை மாநிலச் சட்டத்தில் எழுதிவிடலாம். அதை வாங்கும் சக்தியையும் சேர்த்துத் தர மாநில பட்ஜெட் பெரும்பாலும் போதாது.

கிரீன் கார்டில் பெற்றோரை அழைத்து வந்தவர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். வந்து 5 வருஷம் ஆகாததால், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு கிடைக்காமல், வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடியேறிகளுக்கு முன்பு மானியம் உண்டு. 2025-இல் வந்த ஃபெடரல் சட்டத்தால் அது 2026 முதல் நின்றுவிட்டது. ஹெச்-1பி போன்ற விசாவில் இருந்துகொண்டு தனியாகப் பாலிசி வாங்குகிறவர்களுக்கும் 2027 முதல் மானியம் இருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

முதல் வேலை, உங்கள் திட்டம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது. ஹெச்.ஆர்.-க்கு ஒரு வரி எழுதினால் போதும்: “நம் மெடிக்கல் பிளான் ஃபுல்லி இன்ஷ்யூர்டா, செல்ஃப் ஃபண்டடா?” இதைக் கேட்பதால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. திட்டச் சுருக்கப் புத்தகத்திலும் இருக்கும். சம்மரி பிளான் டிஸ்க்ரிப்ஷன் என்று கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: அட்டையில் டி.டி.ஐ. அல்லது டி.ஓ.ஐ. என்ற எழுத்துகள் இருந்தால் அது மாநிலத்தின் கட்டுப்பாட்டில் உள்ள திட்டம்.

ஃபுல்லி இன்ஷ்யூர்டு என்று பதில் வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: பாலிசி எந்த மாநிலத்தில் வாங்கப்பட்டது? நீங்கள் நியூஜெர்சியில் இருக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் ஜார்ஜியாவில் இருக்கலாம். பெரும்பாலும் பாலிசி வாங்கிய மாநிலத்தின் சட்டம்தான் பொருந்தும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பில் நிராகரிக்கப்பட்டால் எங்கே போவது என்பதும் இதைப் பொறுத்ததுதான். மாநிலக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்றால் மாநில இன்சூரன்ஸ் துறை. கலிஃபோர்னியாவில் மட்டும் இரண்டு துறைகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று பாலிசிப் புத்தகத்தில் போட்டிருக்கும். செல்ஃப் ஃபண்டட் என்றால் ஃபெடரல் தொழிலாளர் துறையின் கீழ் வரும் எப்சா அலுவலகம். அங்கே ஆலோசகர்கள் தொலைபேசியில் இலவசமாக வழி சொல்கிறார்கள். எப்படி இருந்தாலும் நிராகரிப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் திட்டத்திடமே முதல் மேல்முறையீடு செய்யலாம். மருத்துவத் தேவை இல்லை என்று காரணம் சொல்லி அதையும் மறுத்தால், வெளியாள் ஒருவர் பார்த்து முடிவு செய்யும் மறுஆய்வுக்கு 4 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். இந்த வெளி மறுஆய்வு செல்ஃப் ஃபண்டட் திட்டங்களுக்கும் கிடைத்தது ஏ.சி.ஏ. வந்த பிறகுதான். நான் மாநிலத் துறைக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்ததில் அந்த 180 நாளில் பாதி போய்விட்டது. கடிதம் வந்த அன்றே தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.